ஜெபமும் மருந்தும்: மனவாட்டம் கண்டோரின் உடனிருப்போர்க்கு ஒரு பாடம்

ஜெபித்தும் உபவாசமிருந்தும் மகன் படுக்கையைவிட்டு எழவில்லையே, எங்கள் விசுவாசத்தில் குறைவுண்டோ என்று கேட்கும் தாய்மார் பலர். அவர்கள் முதலில் எலியாவின் வரலாற்றை வாசிப்பது நன்று.

கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட அந்த இறைவாக்கினர், அரசியின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். அங்கே வந்த தேவதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேப் மலையில் கடவுள் பேசியது அதன்பின்னரே. அங்கும் எலியா தம் மனக்குறையை இருமுறை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். உணவு, உறக்கம், செவிமடுத்தல் ஆகிய மூன்றும் அறிவுரைக்கு முன்னே நிற்கின்றன. கிறிஸ்தவ ஆலோசனையின் வரிசையும் இதுவே.

அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் 1920இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தேறியபின், 1925இல், வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, நூல்களைக் கற்பதுபோல் நோயாளிகளின் வாழ்வையும் கற்கச் செய்தார். மருத்துவமனைகளில் இன்று போதகர்கள் பெறும் பயிற்சிக்கு அது ஒரு தொடக்கம்.

ஆலோசகர் நுட்பமாகப் பிரித்தறிய வேண்டியது குற்றவுணர்வை. அயலானை ஏமாற்றியவரின் மனம் உறுத்துவது இயல்பு. அறிக்கையிட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அவ்வுறுத்தல் பெரும்பாலும் தணியும். மனச்சோர்வு நோயில் எழும் குற்றவுணர்வு வேறு வகையானது. பத்துமுறை அறிக்கையிட்டாலும் பதினோராம் முறையும் அது வரும். தாயின் மரணம், பயிரின் நட்டம் என எல்லாவற்றுக்கும் தாமே காரணம் என்று நோயாளி நம்புவார். அவரிடம் மனந்திரும்பு என்று மேலும் வற்புறுத்துவது புண்ணில் கோல் இடுவதாகும். அது பாவத்தின் அடையாளமன்று, நோயின் அறிகுறி. அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பத் தெரியாத ஆலோசகர், எத்துணைப் பக்தியுள்ளவராயினும், தம் பணியை இன்னும் கற்கவில்லை என்றே சொல்வேன்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குள் பயனில்லை என்று கைவிடுவோர் உண்டு. சற்றுத் தேறியதும், ஜெபத்தால் மட்டுமே குணமானேன் எனச் சாட்சி சொல்வதற்காக நிறுத்துவோரும் உண்டு. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மாத்திரையை விழுங்கும்போதே நன்றி சொல்லி ஜெபிக்கலாமே!

குடும்பத்தாரின் இடம் எது? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பவியலாமல் இறந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் ஒரு நம்பிக்கையோடுதான் வந்திருப்பர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. இதற்கு நேர்மாறான வழியும் தமிழகத்திலேயே முன்பே இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1957 முதலே உறவினர் நோயாளியுடன் தங்கி, சிகிச்சையில் பங்குகொண்டு வருகின்றனர்.

அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம் பகுதியினர் மனநல சிகிச்சைக்குத் தேனி க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். செல்லவியலாத இரவுகளில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சென்று தள்ளாமல், சாக எண்ணுகிறீர்களா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். திராட்சைத் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றி, வேறொருவர் பொறுப்பில் பூட்டிவையுங்கள்.