விதை மணிலாவும் உயிரணுவின் செப்பனிடும் தொழிலும்

மேல்மலையனூர், செஞ்சிப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் மணிலா முக்கியமான பயிராகும். புதுவிதை ஒருங்கே முளைப்பதையும், பழைய விதை தாமதித்து முளைத்துப் பயிர் சந்துவிட்டு நிற்பதையும் குடியானவர்கள் கண்கூடாக அறிவர். இதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

விதையின் கரு எண்ணிறந்த உயிரணுக்களாலாயது. ஒவ்வோர் உயிரணுவிலும் பயிரின் குணங்களை அடக்கிய டி.என்.ஏ. என்னும் பொருள் முறுக்கிய இரு புரிகளாக அமைந்துள்ளது. சேமிப்பில் உஷ்ணமும் ஈரமும் மிகுந்தால் இப்புரிகளில் சிதைவும் முறிவும் உண்டாகின்றன. வளரும் பயிரில் இவை உடனுக்குடன் செப்பனிடப்படும். உலர்ந்த விதையிலோ, போதிய நீரின்மையால் அவ்வேலை தடைப்பட்டுப் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

விதை ஈரத்தை உறிஞ்சியதும் நொதிகள் என்னும் புரதங்கள் பழுதைப் பார்க்கத் தொடங்குகின்றன. ஒரு புரி கெட்டிருந்தால் மறுபுரியை ஆதாரமாகக்கொண்டு கெட்ட பாகத்தை நீக்கிப் புதுப்பிக்கின்றன. சிதைந்த பத்திரத்தை அதன் நகலைக்கொண்டு நிரப்புவதை இது ஒக்கும். இரு புரிகளும் ஒருங்கே முறிந்தால் வேலை கடினமாகும்.

உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதும் பிரதியெடுக்கப்பட வேண்டும். பழுதுடனே பிரதியெடுத்தால் பிழை நிலைத்துவிடும். அன்றி உயிரணு மடியும். ஆகவே காவற்புரதங்கள் பழுது தீருமளவும் அவ்வேலையை நிறுத்திவைக்கின்றன. ஏ.டி.எம். என்னும் புரதம் இவ்வாறு மூப்படைந்த விதையின் முளைப்பைத் தாமதிக்கச் செய்வதை, கடுகினத்துச் சிறு செடியொன்றில் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்தொழிலின் அடிப்படை விவரங்களைக் கண்டறிந்த லிண்டால், மாட்ரிச், சான்சார் ஆகிய மூவரும் 2015-இல் ரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும் செப்பனிடுதற்கும் ஓர் எல்லையுண்டு. பழுது மிகுந்த விதை முளையாது. விதைக்கிரயமும் உழவுக்கூலியும் வீணாவதோடு, பெய்த மழையின் பருவமும் தவறிப்போம். ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. விதைக்காய்களை ஈரம் 9 சதவிகிதத்திற்கு மேற்படாமல் உலர்த்துக.

2. ஓட்டுடனேயே, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில், மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் வைக்க.

3. விதைப்புக்குச் சமீபத்திலேயே, பருப்பு நசுங்காமல் கையால் உடைத்தெடுக்க.

4. பொறுக்கியெடுக்காமல் 100 பருப்புகளை எண்ணி ஈரமணலில் ஊன்றி, 10-ஆம் நாள் நல்ல முளைகளை எண்ணுக. சான்றுவிதைக்கு விதித்த அளவு 70; அதற்குக் குறைந்ததை விதைக்காகாதென ஒதுக்குக.

கிராம அதிகாரிகள் ஆடிப்பட்டத்திற்கு முன்பே இச்சோதனையைப் பலரும் காணச் செய்துகாட்டுவார்களாயின், ஊரார்க்குப் பெரும் நஷ்டம் தவிரும்.