புகை விட்டபின் எழும் தின்பண்ட ஆவல்

பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவற்றை விட்டொழித்த குடியானவர் பலர், முதல் மாதத்திற்குள்ளேயே புதியதொரு தொல்லைக்கு உள்ளாகின்றனர். நாழிகைக்கு ஒருமுறை எதையேனும் வாயிலிட்டு மெல்ல வேண்டுமென்ற ஆவல் எழுகின்றது. முறுக்கு, வடை, மிட்டாய், சர்க்கரை மிகுந்த தேநீர் என ஒன்றன்பின் ஒன்றாக உட்செல்கின்றன. சில மாதங்களில் வயிறு பருத்து அரைஞாண் இறுகுகின்றது. புகைத்த காலத்திலேயே தேகம் செம்மையாயிருந்தது என்றெண்ணி, அரிதின் விட்ட வழக்கத்தையே மீண்டும் மேற்கொள்வோரும் உளர். ஆவலின் காரணத்தையும் அதனை ஆளும் முறையையும் முன்னரே அறிந்திருப்பின் இந்நஷ்டம் நேராது.

ஆவலின் காரணம்

புகையிலையிலுள்ள நிகோடின் பசியை மந்தப்படுத்துகின்றது. தேகம் செலவிடும் சக்தியையும் சிறிது மிகுவிக்கின்றது. புகையை நிறுத்தியதும் இவ்விரண்டும் நீங்குவதால் பசி மிகுகின்றது. உண்ட ஆகாரத்தில் செலவாகாது எஞ்சுவதும் மிகுகின்றது. சில நாட்களில் நாவும் மூக்கும் தெளிவடைவதால் பதார்த்தங்கள் முன்னிலும் ருசிக்கின்றன. அன்றியும், பல ஆண்டுகள் பீடியைப் பிடித்துப் பழகிய கையும் வாயும் வேலையற்று நிற்கின்றன.

ஆகவே இவ்வாவல் மனவுறுதியின்மையால் விளைவதன்று. களை பறித்த நிலத்தை வெறுமையாக விட்டால் வேறு களை முளைத்தல் இயல்பு. அவ்விடத்தில் காலத்தே பயிரிடுவதே பரிகாரமாகும்.

புகையை விட்டவரின் எடை முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை கூடுகின்றது. சிலருக்குச் சிறிதும் கூடுவதில்லை. சிலருக்கு 10 கிலோவுக்கு மேலும் கூடுகின்றது. இதற்கஞ்சிப் புகையைத் தொடர்தல் பேதைமையாகும். புகையை நிறுத்திய ஓராண்டில் இருதய நோயின் அபாயம், தொடர்ந்து புகைப்போருக்கு உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. எடை சிறிது கூடினும் இந்நன்மை அழிவதில்லை.

விலக்கத்தக்கவை

1. வெற்றிலைப் பாக்கு: வாய்க்கு வேலை வேண்டிப் பலர் முதலில் நாடுவது இதுவே. புகையிலை சேர்த்து மென்றால் நிகோடின் வேறு வழியில் உட்புகுகின்றது. விட்ட வழக்கம் விடாமலே நிற்கின்றது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது.

2. மிகுதியான தேநீரும் காப்பியும்: கோப்பைக்கு இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை வீதம், நாளொன்றுக்கு ஆறு கோப்பை அருந்துவோர் 60 கிராம் சர்க்கரை உட்கொள்கின்றனர். அதனால் மட்டும் 240 கலோரி சேருகின்றது. மேலும், புகைப்போர் தேகத்தில் காப்பியின் சாரமாகிய கஃபீன் விரைவிற் கழிகின்றது. புகையை விட்டபின் அது நெடுநேரம் தங்குகின்றது. பழைய அளவிலேயே அருந்துவோருக்குத் தூக்கமின்மையும் படபடப்பும் மிகும். அவற்றைப் புகைவிட்ட குறையென்றெண்ணி மீண்டும் பீடியை நாடுதல் கூடும். ஆதலின் காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்தல் நலம்.

3. பட்டினி: எடைக்கு அஞ்சி வேளை உணவை விடுவோருக்குப் பிற்பகலில் ஆவல் இருமடங்காகும். மூன்று வேளையும் நேரந்தவறாது உண்ணல் வேண்டும்.

ஏற்ற தின்பண்டங்கள்

மெல்ல நேரம் பிடிப்பதும், வயிற்றை நிறைப்பதும், எண்ணெயும் சர்க்கரையும் குறைந்ததுமான பண்டமே ஏற்றது. அத்தகையன பெரும்பாலும் குடியானவர் கொல்லையிலேயே விளைகின்றன. வெள்ளரிப் பிஞ்சு பெரும்பகுதி நீராதலின் வேண்டுமளவு உண்ணலாம். கொய்யாக் காய், நெல்லிக்காய், முள்ளங்கி, உப்பு குறைத்த மோர் ஆகியனவும் நன்று. தை மாதத்தில் கிடைக்கும் பனங்கிழங்கு நாரை உரித்து மெல்ல மெல்லத் தின்பதற்கு உகந்தது. வறுத்த கொண்டைக்கடலை ஒரு பிடி, அதாவது சுமார் 30 கிராம், போதுமானது. அதில் 6 கிராம் அளவு புரதம் உண்டு. நிலக்கடலையை ஓட்டுடன் வேகவைத்து உரித்துத் தின்றால் கைக்கும் வேலை கிடைக்கும். எனினும் அதில் எண்ணெய்ச் சத்து மிகுதியாதலின் ஒரு பிடிக்கு மேற்படாது நிறுத்துக.

நீரிழிவு உள்ளோர் தம் தின்பண்டத்தையும் மருந்தின் அளவையும் வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம். இரத்த அழுத்தம் உள்ளோர் ஊறுகாயையும் உப்பிட்ட காய்களையும் விலக்குக.

வேளையறிந்து காத்தல்

ஆவல் எப்பொழுதும் ஒரே வேகத்தில் நிற்பதன்று. விடியற்காலையிலும், உணவு முடிந்ததும், நீர்முறைக்குக் காத்திருக்கும்போதும், மாலையில் தேநீர்க்கடையில் அமரும்போதும், முன்பு புகைத்த அதே வேளைகளில் அது எழுந்து சில நிமிஷங்களில் தணிகின்றது. அவ்வேளைகளைக் குறித்துக்கொண்டு, புறப்படுமுன்னரே கடலையையோ வெள்ளரிப் பிஞ்சையோ மடியில் முடிந்து செல்லல் வேண்டும். பசி எழுந்தபின் தேடுவோர் கைக்கு முதலிற் கிட்டுவது கடையிலுள்ள வடையே.

ஆவல் தோன்றியவுடன் முதலில் ஒரு செம்பு நீர் அருந்தி, வரப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து வருக. பத்து நிமிஷத்திற்குப் பின்னும் வயிறு கேட்குமாயின் அது மெய்ப்பசி. அப்பொழுது அளவாக உண்க. தணிந்துவிடின் அது வாயின் பழக்கமேயாகும். முதல் வாரமே கடுமையானது. மூன்று, நான்கு வாரங்களில் வேகம் பெரிதும் தளர்கின்றது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பொது இடங்களில் புகைத்தல் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளது. கல்விச்சாலைகளுக்கு 100 கஜத்திற்குள் புகையிலைப் பண்டங்களை விற்றலும் குற்றமாகும். இவற்றை அமல் செய்வதோடு, ஊர்க்கூட்டங்களில் பீடியும் பாக்கும் வைக்கும் தட்டில் சுண்டலும் மோரும் வைத்தால், விட்டவர் மீண்டும் தொடங்காதிருக்க அது பேருதவியாகும். உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஒருமுறை தவறிப் புகைத்தவர் முயற்சி முழுதும் வீணாயிற்றென்று கைவிடலாகாது. ஒரு மடை உடைந்ததென்று எவரும் வயலைத் தரிசாக விடுவதில்லை. அன்றே அடைத்து நீர் பாய்ச்சுகின்றனர். தேகத்தையும் அங்ஙனமே காத்தல் குடியானவர் கடமையாகும்.