பாசி ஆராய்ச்சிக் கட்டுரை: கம்ப்யூட்டரில் தயாரித்து அனுப்புவது எப்படி?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம், பிறகு கடைக் கணக்கை எக்செலில் போடுவோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு வேலையும் வந்து சேரும். அதுதான் ஆராய்ச்சிக் கட்டுரை. இதை டைப் செய்வது எளிது. இதழ் ஏற்றுக்கொள்ளும்படி தயாரிப்பதும், சரியான இதழுக்கு அனுப்புவதும்தான் பலருக்குத் தெரிவதில்லை. அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

உதாரணத்திற்கு ஒரு உண்மைச் சம்பவம். என் சித்தப்பா திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் பற்றிய புராஜெக்டைக் கட்டுரையாக எழுதி, இன்டர்நெட்டில் கண்ட ஓர் இதழுக்கு இரவு அனுப்பினாள். காலையில் பதில் வந்துவிட்டது. "அண்ணா, ஏத்துக்கிட்டாங்களாமாண்ணா. மூவாயிரத்து ஐநூறு கட்டுனா மூணே நாள்ல போட்டுருவாங்களாமா" என்று போன் செய்தாள். சித்தப்பா பணம் அனுப்ப ஜிபேயைத் திறந்துவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, அனுப்பிய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்றாவது படமே இல்லை. "படம் 3-ஐப் பார்க்க" என்று எழுதியிருந்தது, படத்தை ஒட்ட மறந்திருந்தாள். அதைக்கூடக் கவனிக்காமல் "நிபுணர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொண்டனர்" என்று சான்றிதழே அனுப்பியிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா? பணம் கட்டவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

பனியன் ஊரில் பாசிக்கு என்ன வேலை?

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயத்தால் பிரிண்ட் போட, சாயம் பரவாமல் இருக்க ஒரு பசை தேவை. சாதாரண மாவுப் பசையைச் சேர்த்தால் சாயம் அந்தப் பசையோடேயே வினை புரிந்துவிடும், துணியும் விறைப்பாகும். சோடியம் அல்ஜினேட் அப்படி வினை புரிவதில்லை. துவைத்தால் கழன்று போகும், துணி மிருதுவாக இருக்கும். இந்த அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசிகளில் இருந்து எடுக்கப்படுகிறது. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம், பக்கோடாப் பாசி என்று சொல்லும் துர்பினாரியா இரண்டும் இதற்குப் பயன்படுபவை. ஆக, ராமநாதபுரத்துக் கடலுக்கும் நம் ஊர் பிரிண்டிங் பட்டறைக்கும் தொடர்பு உண்டு.

1. முதலில் ஃபோல்டர்

டெஸ்க்டாப்பில் கட்டுரைக்கென ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் நான்கு ஃபோல்டர்கள்: மூல அளவுகள், மூலப் படங்கள், கட்டுரை, அனுமதிக் கடிதங்கள். முதல் இரண்டில் உள்ள ஃபைல்களை எப்போதும் திருத்தக் கூடாது. திருத்த வேண்டுமானால் காப்பி எடுத்துத் திருத்துங்கள்.

ஃபைலுக்கு "ஃபைனல்", "நியூ ஃபைனல்" என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் முன்னால் போடுங்கள். எது கடைசியாகத் திருத்தியது என்பது பட்டியலிலேயே தெரியும். வாரம் ஒரு முறை மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் சேமியுங்கள்.

2. இடமும் தேதியும்

"மண்டபம் கடற்கரையில் சேகரித்தோம்" என்று எழுதினால் போதாது. எந்த இடம், எந்த நாள், அலை வற்றிய நேரமா, எவ்வளவு ஆழம் என்று எழுத வேண்டும். செல்போனில் மேப்பைத் திறந்து, நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கிடைக்கும். வேர்டில் பாகைக் குறி போட, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0176 என்று அடியுங்கள். ° வரும். 0177 அடித்தால் ± வரும்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்துவிட்டது என்று 2008-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பாசி வளர்ப்பு பல கடலோரக் குடும்பங்களின் பிழைப்பு. பவளப்பாறையோ மீன்களின் வீடு. இப்படிப்பட்ட விஷயத்தில் எந்தத் தீவு, எந்த இடம், எந்த ஆண்டு என்று தெளிவாக இருந்தால்தான் இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடியும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. அங்கே சேகரிக்க வனத்துறை அனுமதி தேவை. அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து நான்காவது ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இதழ் கேட்கலாம்.

3. பாசியின் பெயர்

அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இரண்டு சொற்களும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். பின்னால் வரும் பெயர் சூட்டியவரின் பெயர் சாயக் கூடாது.

கட்டுரை முழுதும் ஒவ்வொன்றாகச் சாய்க்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் விசையுடன் எச் எழுத்தை அழுத்துங்கள். ஃபைன்ட் அண்ட் ரீப்ளேஸ் பெட்டி திறக்கும். மேல் கட்டத்திலும் கீழ்க் கட்டத்திலும் அதே பெயரை டைப் செய்யுங்கள். கர்சர் கீழ்க் கட்டத்தில் இருக்கும்போது கன்ட்ரோலுடன் ஐ எழுத்தை அழுத்துங்கள். கட்டத்தின் அடியில் இட்டாலிக் என்று காட்டும். ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். எல்லா இடத்திலும் சாய்ந்துவிடும்.

வேர்ட் இந்தப் பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். எழுத்துகளை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, ரைட் கிளிக் செய்து ஆட் டு டிக்‌ஷனரி கொடுங்கள். அதன் பிறகு சிவப்புக் கோடு வந்தால் நீங்கள்தான் தப்பாக அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய புத்தகத்தில் உள்ள பெயரை அப்படியே எழுதாதீர்கள். எண்டிரோமார்ஃபா என்று தனிப் பேரினமாக இருந்த பச்சைப் பாசிகள், மரபணு ஆய்வுக்குப் பிறகு 2003-ல் உல்வாவுடன் சேர்க்கப்பட்டன. ஆல்கேபேஸ் என்ற வெப்சைட்டில் பெயரைத் தேடினால் இப்போது ஏற்கப்பட்டுள்ள பெயர் தெரியும். மீனவர்கள் சொல்லும் பெயரையும் அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று கரையில் கேட்டால்தான் அடுத்து ஆராய வருபவருக்கும் வழி தெரியும்.

4. எக்செலும் வரைபடமும்

ஒவ்வொரு சோதனையையும் குறைந்தது மூன்று முறை செய்து, மூன்று அளவுகளையும் எக்செலில் தனித்தனிக் கட்டங்களில் போடுங்கள். சராசரியை மட்டும் போட்டால் மற்றவை தொலைந்துவிடும். 3-5 என்று டைப் செய்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். முன்னதாகவே அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என மாற்றிவிடுங்கள்.

வரைபடத்தில் அளவுகள் எவ்வளவு மாறுபட்டன என்பதைக் காட்ட எரர் பார் சேர்க்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். படத்தின் ஓரத்தில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து எரர் பார்ஸ் கொடுத்தால், எக்செல் வரைபடத்தில் தெரியும் எண்களை வைத்துத் தானாக ஒரு கோடு போட்டுவிடும். அது உங்கள் மூன்று அளவுகளின் கணக்கு அல்ல. ஸ்டாண்டர்டு டீவியேஷனை நீங்களே தனிக் கட்டங்களில் கணக்கிடுங்கள். பிறகு எரர் பார்ஸில் மோர் ஆப்ஷன்ஸ், கஸ்டம் என்று போய் அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்.

5. படங்கள்

பெரும்பாலான இதழ்கள் 300 டிபிஐ கேட்கின்றன. ஒரு பத்தி அகலம் 8.5 சென்டிமீட்டர் என்றால், படம் குறுக்கே சுமார் 1000 பிக்சல் இருக்க வேண்டும். முழுப் பக்க அகலம் 17 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2000 பிக்சல். படத்தை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பார்த்தால் இந்த அளவு தெரியும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு கூடாது.

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படத்தைப் பயன்படுத்தாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். செல்போனிலிருந்து கேபிள் வழியாக எடுங்கள், அல்லது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மைக்ராஸ்கோப் படத்தில் "400 மடங்கு" என்று எழுதுவதைவிட அளவுக்கோடு போடுவதே சரி. படம் அச்சில் சிறிதானாலும் கோடும் கூடவே சிறிதாகும், அளவு மாறாது.

6. மேற்கோள் பட்டியல்

கட்டுரையின் கடைசியில் வரும் பட்டியலைக் கையால் டைப் செய்தால், இதழ் மாறும்போதெல்லாம் மறுபடி அடிக்க வேண்டும். ஜொடெரோ என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். கட்டுரையின் டிஓஐ எண்ணைக் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். வேர்டில் அதற்கென ஒரு டேப் வரும். இதழின் பாணியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் முழுவதும் மாறிவிடும். தலைப்புகளில் உள்ள பாசிப் பெயர்களை மட்டும் நீங்கள் ஒரு முறை பார்த்துச் சாய்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் உண்மைபோலவே பெயரும் ஆண்டும் கொடுத்துவிடும். ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் டிஓஐ வெப்சைட்டில் போட்டு, அந்தக் கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். இன்னொருவர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டுவதும் ஆபத்து. யுஜிசியின் 2018 விதிப்படி ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு.

7. எந்த இதழ்?

பாசிகளுக்கென்றே நம் நாட்டில் 'ஃபைகாஸ்', 'சீவீட் ரிசர்ச் அண்ட் யுட்டிலைசேஷன்' போன்ற இதழ்கள் உண்டு. அல்ஜினேட்டைத் துணியில் சோதித்திருந்தால் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபைபர் அண்ட் டெக்ஸ்டைல் ரிசர்ச்' பொருத்தமானது. வெளிநாட்டில் 1989 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபைகாலஜி' பெயர் பெற்றது.

ஓர் இதழைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

* அது வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். பாசிக் கட்டுரைக்குப் பக்கத்தில் வங்கி மேலாண்மை, ஜோதிடம் எல்லாம் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.
* ஆசிரியர் குழுவில் உள்ளவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைப் பாருங்கள். அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா?
* ஐஎஸ்எஸ்என் எண்ணை அதன் சர்வதேச வெப்சைட்டில் தேடுங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். நல்ல இதழின் பெயரிலேயே போலி வெப்சைட் நடத்துபவர்கள் உண்டு. ஐஎஸ்எஸ்என் இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்று அல்ல.
* "யுஜிசி அங்கீகாரம் பெற்றது" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். 2018-ல் அறிவிக்கப்பட்ட யுஜிசி கேர் பட்டியல் முறை 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது.
* கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. நல்ல இதழ்களிலும் கட்டணம் வாங்குபவை உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே வெப்சைட்டில் சொல்லியிருப்பார்கள். ஓரிரு நாளில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

8. அனுப்புதல்

இதழின் வெப்சைட்டில் ஆசிரியர்களுக்கான விதிமுறையை பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரியையும் டிக் செய்துகொண்டே ஃபைலைச் சரிபாருங்கள். எக்ஸ்போர்ட் ஆர்டரில் பையர் கேட்ட லேபிள் மாறினால் சரக்கு திரும்பி வருவதுபோலத்தான் இதுவும்.

பிறகு உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். ஆர்க்கிட் எனப்படும் 16 இலக்க எண்ணையும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் உங்கள் கட்டுரை உங்கள் கணக்கில் சேரும். கடிதம், கட்டுரை, படங்கள், அட்டவணைகள் என்று தனித்தனியாக அப்லோட் செய்யுங்கள். வெப்சைட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடிஎஃப் உருவாக்கும். அதை முழுதாகப் படியுங்கள். எல்லாப் படமும் இருக்கிறதா, குறிகள் கட்டங்களாக மாறவில்லையா என்று பார்த்த பிறகே அப்ரூவ் பட்டனை அழுத்துங்கள். பலர் பிடிஎஃப் வந்ததும் வேலை முடிந்ததென்று மூடிவிடுகிறார்கள். அப்ரூவ் செய்யாத கட்டுரை அங்கேயே கிடக்கும். கட்டுரை எண்ணுடன் இமெயில் வந்தால்தான் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். பதில் வரும்வரை அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது.

மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட வேண்டாம். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் பிஎச்.டி.க்கே 2022-ல் எடுக்கப்பட்டுவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே கேட்பதுண்டு. அதை உங்கள் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் கட்டுரை நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நிராகரிக்கவில்லை, இரண்டு பக்கம் கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஒரு கேள்வி அந்த மூன்றாவது படத்தைப் பற்றியது. எரர் பார் எந்த அளவைக் காட்டுகிறது என்று படத்தின் அடியில் எழுதவில்லை, எழுதுங்கள் என்றிருந்தது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. சித்தப்பாதான் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லயே, இவங்க நெசமாவே படிச்சிருக்காங்க."

இப்போது ட்ராக் சேஞ்சஸை ஆன் செய்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.