ஒட்டுப்பட்டையும் குறுஞ்செய்தியும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடிபாலா. கடைகளின் பெயர்ப்பலகைகள் தெலுங்கில் இருக்கும். கடைக்குள் கேட்கும் பேச்சோ பாதி தெலுங்கு, பாதி தமிழ். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமாகும் வரை இப்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலால் இதில் வியப்பில்லை. சித்தூர்ச் சீமையின் மாம்பழமும் வெல்லமும் லாரிகளில் ஏறி இவ்வழியே தெற்கு நோக்கிச் செல்கின்றன.

அத்தகைய லாரி ஒன்றை ஓட்டும் நாற்பது வயதினர் ஒருவர் குடிபாலாவில் வாழ்கிறார் எனக் கொள்க. அவர் கற்பனை மாந்தரே. ஆயினும் அவருடைய நிலை பலருடைய நிலை. பிழைப்புக்காகத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் பயில்கிறாள். காலையில் தேநீருடன் ஒரு பீடி, சரக்கு ஏற்றும் வரை காத்திருக்கையில் இரண்டு, சுங்கச்சாவடி வரிசையில் ஒன்று என நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி தீர்ந்துவிடும். தீர்ந்த கட்டுக்கு மாற்றாக வேறொரு கட்டு வாங்கிவர மகளையே கடைக்கு அனுப்புவதும் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவரிடம் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது என்பது அவருக்கும் தெரியாது, கடைக்காரரும் பொருட்படுத்துவதில்லை.

அவர் பீடியை விட்டுவிட மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. மனவுறுதி இல்லாதவர் என்று சுற்றத்தார் பேசினர். அப்பேச்சு முழுவதும் சரியன்று.

புகையிலையில் உள்ள நிகோட்டின் என்னும் பொருள், புகையை உள்ளிழுத்த பத்து முதல் இருபது நொடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. மூளை அதற்குப் பழகிப்போகிறது. பழகிய பின் அது கிடைக்காவிடில் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை தோன்றுகின்றன. இவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைந்து, பின்னர்ச் சில வாரங்களில் தணிகின்றன. ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் தோற்றது அந்த உச்சத்தில்தான். உடலின் இந்த நெருக்கடியை அறியாமல் ஒருவரைக் கோழை என்று இகழ்வது, காய்ச்சல் கண்டவரைச் சோம்பேறி என்பதைப் போன்றது.

இங்கு ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மனிதரை அடிமையாக்குவது நிகோட்டின். புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பெருங்காரணமாவது புகையில் உள்ள தாரும் பிற நச்சுப்பொருள்களும். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. பீடி சிகரெட்டைவிடக் கேடு குறைந்தது என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. அதுவும் பிழையே. பீடியிலையின் வழியே காற்று எளிதில் புகுவதில்லை. பீடி அடிக்கடி அணைந்தும் போகும். எனவே புகைப்பவர் அதனை வலிந்து, அடிக்கடி இழுக்க நேர்கிறது.

அடிமையாக்கும் பொருளையும் கொல்லும் பொருள்களையும் பிரிக்க முடிந்தால் என்ன என்ற வினாவிலிருந்துதான் நிகோட்டின் மாற்று மருத்துவம் பிறந்தது. அதன் தொடக்கம் கடலுக்கு அடியில் நிகழ்ந்தது எனலாம். சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள் கப்பலுக்குள் புகைக்க இயலாத வேளைகளில் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்தனர். இதனைக் கண்ட கிளேஸ் லுண்ட்கிரென் என்னும் லுண்ட் பல்கலைக்கழக அறிஞர், 1967-இல் தம் நண்பர் ஊவே ஃபேர்னோவுக்கு எழுதினார். ஃபேர்னோ ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர். தாமே புகைப்பழக்கம் உடையவர். அவர் நிகோட்டினைச் சூயிங்கத்தில் சேர்க்கும் வழியைக் கண்டார். 1978-இல் சுவிட்சர்லாந்தில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. தோலில் ஒட்டும் பட்டை பின்னர் வந்தது. 2022-இல் இந்திய அரசின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் நிகோட்டின் மாற்று மருத்துவம் இடம்பெற்றது.

பட்டையும் சூயிங்கமும் வெவ்வேறு வேலை செய்பவை. காலையில் தோலில் ஒட்டப்படும் பட்டை, நாள் முழுவதும் சிறிது சிறிதாக நிகோட்டினை உடலுக்குள் விடுகிறது. 21, 14, 7 மில்லிகிராம் என அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் நிறுத்திவிடுவது வழக்கம். திடீரென எழும் வேட்கைக்குச் சூயிங்கம் உதவும். ஆனால் அதனைச் சாதாரணச் சூயிங்கம் போல மென்றுகொண்டே இருத்தல் கூடாது. காரச்சுவை தோன்றும் வரை மெதுவாக மென்று, பின்னர்க் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். வாயின் உட்தோல் வழியாகவே மருந்து ஏறுகிறது. மென்ற சாற்றை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலுமே மிஞ்சும். காப்பி, பழச்சாறு போன்றவற்றைப் பருகியவுடன் மென்றாலும் பயன் குறையும். மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுவோருள் பலர், மெல்லும் முறை அறியாமல் கைவிடுவோரே. இவை பெரியவர்க்கான மருந்துகள். சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்கப்பட வேண்டியவை. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

இம்மருந்துகள் எவ்வளவு உதவுகின்றன? 60,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளைத் திரட்டி, காக்ரேன் என்னும் அமைப்பு 2018-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. நிகோட்டின் மாற்று மருத்துவத்தால் புகையை நிலையாக விடும் வாய்ப்பு 50 முதல் 60 விழுக்காடு கூடுகிறது என அது கூறியது. பாதிப் பேர் விட்டுவிடுவர் என்பது இதன் பொருளன்று. மருந்தின்றிப் பத்துப் பேர் விடும் இடத்தில், மருந்துடன் பதினைந்து அல்லது பதினாறு பேர் விடுவர் என்பதே பொருள். பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடும்.

இருப்பினும் மருந்தால் எட்ட முடியாத ஓர் இடம் உண்டு. சுங்கச்சாவடியில் வண்டி நின்றவுடன் ஓட்டுநரின் கை தானாகச் சட்டைப்பைக்குச் செல்கிறதே, அது உடலின் தேவை மட்டுமன்று, பல்லாண்டுப் பழக்கம். அந்த நொடியில் அருகில் இருப்பது மருத்துவரும் அல்லர், மனைவி மக்களும் அல்லர். கைபேசி இருக்கிறது.

2016-இல் இந்திய அரசின் நலவாழ்வு அமைச்சகம், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் குறுஞ்செய்தித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 011-22901701 என்னும் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்தவருக்கு, புகையிலையை விடுவதற்கான அறிவுரைகள் குறுஞ்செய்திகளாக வரும். அதே ஆண்டு மே மாதம் தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையும் தொடங்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் அந்த எண் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே அச்சிடப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் அச்சேவையில் சேர்ந்ததால், தென்னிந்திய மொழிகளில் பேசி ஆலோசனை பெறும் வழி பிறந்தது.

தமிழ் இலக்கியத்தில் தூது என்பது ஒரு சிற்றிலக்கிய வகை. அன்னத்தையும் மேகத்தையும் தூது விடுத்த புலவர்களுக்கிடையே, சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூது விடுத்து ‘புகையிலை விடு தூது’ பாடினார். அன்று புகையிலை தூது சென்றது. இன்று புகையிலையை விடு என்று தூது வருகிறது.

குறுஞ்செய்திக்கு அடுத்து வந்தவை திறன்பேசிச் செயலிகள். புகையாத நாள்களை எண்ணுதல், மிச்சமான பணத்தைக் காட்டுதல், வேட்கை எழும் வேளையைக் குறித்து வைத்தல், அவ்வேளை நெருங்கும்போது முன்கூட்டி எச்சரித்தல் ஆகியவை அவற்றின் பணிகள். வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்த உதவுவதே நல்ல செயலியின் திறம். ஆனால் செயலிகளின் பயனை மிகைப்படுத்தலாகாது. 2019-இல் வெளிவந்த மற்றொரு காக்ரேன் தொகுப்பாய்வு, குறுஞ்செய்திகளால் விடும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்றது. செயலிகள் குறித்தோ போதிய சான்று இல்லை என்றது. 2024 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தையும் நடத்தைவழி ஆலோசனையையும் இணைத்துத் தருவதே சிறந்தது எனப் பரிந்துரைத்தது. குறுஞ்செய்தி, செயலி போன்ற மின்னணுக் கருவிகளைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. துணை என்னும் சொல்லை இங்கு உற்று நோக்க வேண்டும்.

ஓட்டுநர் நான்காம் முறை முயன்றபோது மருத்துவரைக் கண்டார்; பட்டையும் சூயிங்கமும் பெற்றார். அவருடைய திறன்பேசியில் செயலியை நிறுவியவள் மகள். அதில் தெலுங்கு இருந்தது, தமிழ் இல்லை. அவருக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். எனவே இரவில் அவர் எங்கிருந்தாலும் மகள் தொலைபேசியில் அழைத்து, அன்றைய செய்தியைத் தமிழில் சொல்வாள்.

மூன்றாம் நாள் கடந்தது. பத்தாம் நாள் கடந்தது. பதினாறாம் நாள், மழையில் வண்டி பழுதாகி நின்ற இரவில், உடன் வந்தவர் நீட்டிய பீடியை வாங்கிப் புகைத்துவிட்டார். அன்றிரவு மகளின் அழைப்பை அவர் எடுக்கவில்லை. காலையில் அவரே அழைத்தார்.

“அம்மா, நேற்று ஒன்று பிடித்துவிட்டேன். அந்த எண்ணைப் பூச்சியமாக்கிவிடு.”

“ஒன்றா, ஒரு கட்டா, அப்பா?”

“ஒன்றுதான்.”

கட்டணமில்லா எண்ணை அழைத்து மகள் கேட்டாள். ஒருமுறை தவறினால் முயற்சி முடிந்துவிடாது, பட்டையைத் தொடர வேண்டும், மழையும் பழுதும் வரும் நாளுக்கு இரண்டு சூயிங்கத்தை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தமிழில் விளக்கம் கிடைத்தது. செயலியில் எண் பூச்சியமானது. சமையலறை நாட்காட்டியில் மகள் தனியே குறித்து வந்த கணக்கில், பதினாறாம் நாளுக்கு மட்டும் ஒரு சிறு புள்ளி இட்டு, அடுத்த நாளைப் பதினேழு என்றே எழுதினாள்.

சொற்பொருள்

மாந்தர் – மனிதர். வேட்கை – மிகுந்த விருப்பம். உச்சம் – மிக உயர்ந்த நிலை. இகழ்தல் – பழித்தல். தொகுப்பாய்வு – பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்யும் ஆய்வு. இன்றியமையா – தவிர்க்க முடியாத. திறன்பேசி – ஸ்மார்ட்போன்.

பயிற்சி

1. ஓட்டுநர் முதல் மூன்று முயற்சிகளிலும் மூன்றாம் நாளில் தோற்றது ஏன்?
2. பட்டை செய்யும் வேலையும் சூயிங்கம் செய்யும் வேலையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. ‘50 முதல் 60 விழுக்காடு கூடுகிறது’ என்னும் தொடரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால், அவருக்கு எவ்வாறு விளக்குவீர்?
4. செயலியின் கணக்கும் நாட்காட்டியின் கணக்கும் வேறுபட்டன. எது சரி? காரணம் கூறி ஐந்து வரிகளில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: புகையிலை, தொகுப்பாய்வு, மனவுறுதி.
6. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் அனுப்பத்தக்க குறுஞ்செய்தி ஒன்றைப் பதினைந்து சொற்களுக்குள் எழுதுக.