பழக்கம் நோயானால்

மணிப்பூர் நம் நாட்டின் வடகிழக்கில் உள்ள சிறிய மாநிலம். அதன் தலைநகர் இம்பால். நகரைச் சுற்றிலும் மலைகள். நகரின் நடுவே ஒரு பெரிய சந்தை. அதன் பெயர் இமா கைத்தேல். 'இமா' என்றால் மணிப்புரி மொழியில் அம்மா. 'கைத்தேல்' என்றால் சந்தை. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே கடை போட்டிருக்கிறார்கள். மீன், காய்கறி, துணி எல்லாம் விற்கிறார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் பெண்களே.

இந்தச் சிறு நகரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு துன்பத்தோடு போராடி வருகிறது. அதுதான் போதை. அந்த ஊர் பட்ட பாடு நமக்கும் பாடம். வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

1. பொடி வந்த வழி

இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில் மோரே என்ற ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால் மியான்மர் நாடு. மியான்மர், லாவோஸ், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் கூடும் மலைப்பகுதியில் கசகசாச் செடி வளர்த்து அபின் எடுத்தார்கள். அபினிலிருந்து ஹெராயின் என்ற பொடி செய்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பொடி இம்பாலில் பரவியது. இளைஞர்கள் அதை 'நம்பர் ஃபோர்' என்று அழைத்தார்கள்.

பலர் அதை ஊசியால் உடலில் ஏற்றிக்கொண்டார்கள். ஊசி எளிதில் கிடைக்கவில்லை. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினார்கள். ஒருவர் இரத்தம் இன்னொருவர் உடலில் கலந்தது. 1990 அளவில் அவர்களிடம் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. சில ஆண்டுகளுக்குள், சோதிக்கப்பட்ட ஊசிப் பழக்கக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அந்தக் கிருமி இருந்தது. பல வீடுகளில் பெற்றோர் இருக்க, பிள்ளைகள் இறந்தார்கள்.

2. பெண்கள் எழுந்தார்கள்

மணிப்பூரில் குடியும் நெடுநாள் தொல்லை. 1970-களில் பெண்கள் கூட்டமாக இரவுக் காவல் இருந்தார்கள். கையில் விளக்குடன் தெருத்தெருவாகச் சென்றார்கள். சாராய விற்பனையைத் தடுத்தார்கள். இந்த இயக்கத்துக்கு 'நிஷா பந்தி' என்று பெயர். 1991-இல் அங்கே மதுவிலக்குச் சட்டம் வந்தது.

ஆனாலும் குடி நிற்கவில்லை. திருட்டுத்தனமாக மது விற்றது. 2023 இறுதியில் அரசு அந்தத் தடையைத் தளர்த்தியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கடையை மூடலாம். அது புதிதாகப் பழகுவோரைக் குறைக்கலாம். ஆனால் ஏற்கெனவே அடிமையானவருக்குச் சட்டம் மட்டும் போதாது. அவருக்கு மருத்துவம் வேண்டும்.

3. ஏன் விட முடிவதில்லை?

மதுவும் போதைப் பொடியும் மூளையைத் தொடுகின்றன. முதலில் இன்பம் தருகின்றன. நாளாக ஆக, அதே அளவு போதவில்லை. அளவு கூடுகிறது. பிறகு அது இல்லாவிட்டால் உடல் துடிக்கிறது. அப்போது மனிதர் இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. வலி தாங்காமல் குடிக்கிறார். இதுவே அடிமை நிலை. இது ஒரு நோய்.

நோயின் அடையாளங்கள் இவை:

காலையில் எழுந்ததும் போதை தேடுவது.
நிறுத்தினால் கை நடுங்குவது, வியர்ப்பது, தூக்கம் கெடுவது.
'இன்று கொஞ்சம்தான்' என்று தொடங்கி, அளவு மீறுவது.
வேலை, குடும்பம், கடன் எல்லாம் கெட்டும் விட முடியாமல் இருப்பது.

4. ஒரு தாயின் கேள்வி

இம்பாலில் போதையிலிருந்து மீண்டவர்கள் பலர் நலப் பணியாளர்களாக வேலை செய்கிறார்கள். வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் சந்தையில் மீன் விற்கும் ஒரு தாய் பேசினால், அந்தப் பேச்சு இப்படி இருக்கும்:

"தம்பி, என் மகன் இரண்டு முறை விட்டான். மறுபடியும் ஊசி போடுகிறான். மருப் சீட்டுப் பணத்தை எடுத்து ஓர் இல்லத்தில் சேர்த்தேன். அங்கே சங்கிலியில் கட்டி அடித்தார்கள். திரும்பி வந்தவன் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இனி அறையில் பூட்டி வைக்கட்டுமா? இல்லை, வீட்டை விட்டுத் துரத்தட்டுமா?"

"இமா, இரண்டும் வேண்டாம். பூட்டினால் உடல் வலி குறையாது. துரத்தினால் தெருவில் யாருடைய ஊசியையோ எடுப்பான். நானும் நாலு முறை விட்டு விழுந்தவன்தான். ஐந்தாம் முறைதான் நின்றேன்."

"அப்படியானால் நான் என்ன செய்ய? பணம் கேட்டு அழுகிறானே!"

"கையில் பணம் கொடுக்காதீர்கள். சோறு போடுங்கள். அவன் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். மருத்துவமனைக்கு வருவதானால் கூட வாருங்கள். 'நீ கெட்டவன்' என்று சொல்லாதீர்கள். 'உனக்கு நோய், மருந்து இருக்கிறது' என்று சொல்லுங்கள்."

"மறுபடியும் விழுந்தால்?"

"மறுபடியும் கூட்டி வாருங்கள், இமா. சர்க்கரை நோய் திரும்ப ஏறினால் வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா?"

5. சிகிச்சை எப்படி?

முதல் படி, உடலைத் தேற்றுவது. அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஹெராயினை நிறுத்தினால் உடல் வலி, வாந்தி, பேதி வரும். சில நாள் மிகவும் கடுமையாக இருக்கும். இதற்கும் மருந்து உண்டு.

இரண்டாம் படி, மாற்று மருந்து. ஹெராயினுக்குப் பதிலாக புப்ரினார்பின் என்ற மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கிறார்கள். செவிலியர் முன்னிலையில் தினமும் கொடுக்கிறார்கள். இதனால் ஏக்கம் அடங்கும். ஊசி தேவைப்படாது. அவர் வேலைக்குப் போகலாம். இதைச் சிலர் பல மாதம், பல ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதில் தவறு இல்லை.

மூன்றாம் படி, மனத்தைத் தேற்றுவது. ஆலோசகருடன் பேச வேண்டும். மீண்டவர்களின் கூட்டத்துக்குப் போக வேண்டும். பழைய கூட்டாளிகளை விட வேண்டும். ஒரு வேலை வேண்டும்.

1996-இல் மணிப்பூர் அரசு எய்ட்ஸ் தடுப்புக்கெனக் கொள்கை வகுத்தது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி தரும் வேலையும் நடந்தது. முதலில் ஊரார் எதிர்த்தார்கள். 'ஊசி கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்களா?' என்று கேட்டார்கள். ஆனால் உயிர் இருந்தால்தான் திருந்த முடியும். பின்னர் ஊசிப் பழக்கக்காரர்களிடம் எச்.ஐ.வி. வெகுவாகக் குறைந்தது.

6. கவனம்!

சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் இறந்துபோகலாம். உடல் அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். சிறையிலிருந்தும் சிகிச்சை இல்லத்திலிருந்தும் திரும்பியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஒருவர் எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஹெராயினால் இப்படி ஆனவரை நலாக்சோன் என்ற மருந்து பிழைக்க வைக்கலாம்.

7. சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. போதை நோயாளிக்கும் இது பொருந்தும்.

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. சிறிதளவு போதைப் பொருளோடு பிடிபட்ட நோயாளி, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு போய்விடும்.

2019-இல் நாடு முழுவதற்குமான ஆய்வு ஒன்று வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது உதவி பெற்றதாக அது கூறியது. மற்ற 37 பேரில் சிலர் வெட்கத்தாலோ, வழி தெரியாமலோ இருந்துவிடலாம். 14446 என்ற எண்ணை அழைத்தால் அருகில் உள்ள சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள். கட்டணம் இல்லை.

நம் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அந்த வீட்டைப் பற்றிப் புறம் பேச வேண்டாம். இந்த எண்ணை எழுதிக் கொடுப்போம்.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

அடிமை நிலை: விட நினைத்தும் விட முடியாத நிலை.
மருப்: மணிப்பூரில் பலர் சேர்ந்து போடும் சீட்டு.
ஏக்கம்: போதைப் பொருள் வேண்டும் என்று உடலும் மனமும் தவிப்பது.

கலந்து பேசுவோம்

1. மதுவிலக்கு இருந்தும் குடி ஏன் நிற்கவில்லை?
2. அதிகம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் என்ன ஆகும்?
3. அந்தத் தாய்க்கு நலப் பணியாளர் சொன்னது சரியா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?
4. உங்கள் ஊருக்கு அருகில் சிகிச்சை எங்கே கிடைக்கிறது? கேட்டு எழுதுங்கள்.