ஈரத்துணியோடு எவ்வளவு தூரம்? ராமேஸ்வரத்தில் ரூம் பிடிக்கும் முறை

கொடுமுடியில் பரிகாரம் முடித்த கையோடு ராமேஸ்வரம் கிளம்புகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதும் கடல் காட்டக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. வண்டி பேசுவதும் கட்டுச்சோறு கட்டுவதும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோரும் இடறுவது ரூமில்தான்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். போவது தீர்த்தமாடவா, கடல் பார்க்கவா? இரண்டுக்கும்தான் என்றால் தீர்த்தத்தை வைத்தே ரூம் பாருங்கள். கடலை வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தீர்த்தக்காரர்கள் அடுத்ததை நிதானமாகப் படிக்க வேண்டும். நம்மூரில் காவிரியில் முங்கி எழுந்து படியேறினால் மகுடேஸ்வரர் கோயில் வந்துவிடும். அந்த நினைப்பிலேயே அங்கே போய் அல்லாடுகிறார்கள். ராமேஸ்வரத்தில் முதல் முழுக்கு கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் அக்னி தீர்த்தக் கடலில். சொட்டச் சொட்ட அங்கிருந்து கோயிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்க வேண்டும். அதோடு முடியாது. ஈரத்துணியோடு சாமி சன்னதிக்கு விடமாட்டார்கள். துணி மாற்றிக்கொண்டு மறுபடியும் வர வேண்டும். ஆக, குளியலுக்கும் தரிசனத்துக்கும் நடுவே ரூமுக்கு ஒரு நடை இருக்கிறது. அறுபது வயசு அம்மா ஈரச்சேலையோடு அந்தத் தூரத்தை நடக்க முடியுமா என்பதுதான் ரூமுக்கான அளவுகோல். ஐந்து நிமிசத்துக்கு மேல் என்றால் வேண்டாம்.

‘கோயிலுக்குப் பக்கத்தில்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது பொய்யில்லை, ஆனால் கோயிலின் எந்தப் பக்கம்? மேற்குக் கோபுரத்தை ஒட்டிய லாட்ஜும் கோயிலுக்குப் பக்கம்தான். அங்கிருந்து கடலுக்குப் போக அந்தப் பெரிய மதிலைச் சுற்ற வேண்டும். போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: “அக்னி தீர்த்தத்துக்கு நடக்க எவ்வளவு நேரமுங்க?” “ஆட்டோ கிடைக்குமுங்க” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். சன்னதித் தெரு முதல் தேர்வு. கிழக்குப் பக்கத்தை ஒட்டிய வடக்கு, தெற்கு வீதிகள் அடுத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை குறைவுதான். மிச்சமானது ஆட்டோவுக்குப் போய்விடும்.

விடிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் இருக்கிறது. கிட்டத்தில் தங்கினால்தான் அது வாய்க்கும்.

அதே போனில் இன்னும் சிலதைக் கேட்டுவிடுங்கள். வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? நம் பக்கத்து வண்டிகள் கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ஓடி விடியும் முன்னே போய் நிற்கும். 12 மணிக் கணக்கு என்றால் அந்த அரை நாளுக்கே ஒரு நாள் வாடகை கேட்பார்கள். குழாயில் உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? கடலில் முழுகியவர்கள் உப்புத் தண்ணியிலேயே மறுபடி குளித்தால் அரிப்புத்தான் மிச்சம். லிஃப்ட் உண்டா? முட்டிவலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம் கேளுங்கள். வேன் எங்கே நிற்கும், டிரைவர் எங்கே படுப்பார்? ராத்திரி முழுக்க ஓட்டியவர் தூங்க இடம் கேட்காமல் ரூம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்தான் திரும்பவும் ஓட்ட வேண்டும்.

தேவஸ்தான விடுதி, மடம், சத்திரம், தனியார் லாட்ஜ் என்று எல்லாம் இருக்கின்றன. கடலோரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் உண்டு. ஒரு ராத்திரிக்கு மடமே போதும் என்பது என் கட்சி. சுத்தமான கக்கூசும் நல்ல தண்ணியும் இருந்தால் டிவி எதற்கு?

பழைய யோசனை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: மண்டபம் என்ற ஊரில் தங்கிவிட்டுப் போய் வாருங்கள் என்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதற்குப் பிறகு ரயில்கள் மண்டபத்தோடு திரும்பின. அப்போது அந்த யோசனைக்கு அர்த்தம் இருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்ததால் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. ‘ராமேஸ்வரம்’ என்று போட்டிருக்கும் சில ரிசார்ட்டுகள் பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ இருக்கும். பணம் கட்டும் முன் மேப்பில் பாருங்கள். தேவிபட்டினம் நவபாஷாணமும் திருப்புல்லாணியும் திட்டத்தில் இருந்தால் மட்டும், முதல் ராத்திரி ராமநாதபுரத்தில் தங்குவது லாபம். இரண்டும் அங்கிருந்து கிட்டம்.

கடல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். அக்னி தீர்த்தத்தில் அலையை எதிர்பார்க்காதீர்கள், குளம் போலக் கிடக்கும். ‘சீ வியூ’ ரூமுக்குக் கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு அலையைத் தேடிப் பயனில்லை. நமக்கு அலை வேண்டுமென்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. ராத்திரி தங்க விடுதி கிடையாது, சாயங்காலத்துக்கு மேல் போலீசார் உள்ளே விடமாட்டார்கள். அரிச்சல்முனை வரை 2017-இலிருந்து நல்ல ரோடு இருக்கிறது. காலையில் போய்விட்டு வெயில் ஏறும் முன் திரும்புங்கள். அமைதிதான் முக்கியம், சொந்த வண்டியும் இருக்கிறது என்றால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கரையோரம் தங்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

கடைசியாக நாள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை: இந்த மூன்றுக்கும் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. அன்றைக்கு வாடகை அவர்கள் சொல்வதுதான். தர்ப்பணம் கொடுக்க அந்த நாளிலேயே போயாக வேண்டியவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே முன்பணம் கட்டி ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சாதாரண வாரநாளில் போங்கள். தீர்த்தத்தில் வரிசையும் சின்னது, ரூமும் நீங்கள் கேட்ட தெருவிலேயே கிடைக்கும்.