மகளை மனோதத்துவம் படிக்க அனுப்பலாமா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். அன்று முகம் வாடியிருந்தது.

"தம்பி, மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மனோதத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். கணக்கியல் படி, நம் கடைக்காவது உதவும் என்றேன், கேட்கவில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் வேலை பார்க்கவா இவளை இத்தனை காலம் படிக்க வைத்தேன்?" என்றார்.

சம்மதம் தெரிவிக்க இன்னும் பத்து நாட்களே இருந்தன. தகப்பனும் மகளும் பேசி ஒரு வாரமாகிறதாம். அன்று அவரிடம் நான் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வர்த்தகச் சகோதரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் அந்தத் தஞ்சோங் ரம்புத்தான் விஷயம். 1911ல் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது முதல், பாவம், அந்த ஊரின் பெயரே நம் ஜனங்கள் வாயில் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜுக்கும் அதே கதிதான். ஆனால் மனநோய்க்கு மருந்து எழுதிக் கொடுக்கிறவர் வேறு ஆள். அவர் முதலில் வைத்தியப் பட்டம் பெற்று டாக்டராகி, அதற்குமேல் மனநோய் வைத்தியம் கற்றவர். பெரியவரின் மகள் படிக்க விரும்புவது அதுவல்ல. மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படி ஞாபகம் வைக்கிறான், எப்படிக் கற்கிறான், எதைக் கண்டு பயப்படுகிறான், நாலு பேர் நடுவே ஏன் வேறு மாதிரி நடக்கிறான் என்பவற்றைப் பரிசோதனை செய்து அறியும் விஞ்ஞானம் அது. 1879ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெம் வுண்ட் என்ற பேராசிரியர் இதற்கென்று ஒரு பரிசோதனைச்சாலை வைத்தார். அதைத்தான் இந்தச் சாஸ்திரத்தின் பிறப்பாகக் கணக்கிடுகிறார்கள்.

"பரிசோதனையா? மனசை எப்படிப் பரிசோதிப்பது?" என்று கேட்டார் பெரியவர். நல்ல கேள்வி.

ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே வைத்துப் பரிசோதித்தார். அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக எழுதி, தடுக்காமல் ஒப்புவிக்கும் வரை மனனம் செய்தார். சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து அதே வரிசையை மறுபடியும் மனனம் செய்து, இந்தத் தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று குறித்தார். இருபது நிமிஷம் கழித்து நூற்றுக்கு 58 பங்கு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. முப்பத்தொரு நாள் கழித்து 21. இதை 1885ல் வெளியிட்டார். மறதி என்பது மெல்ல மெல்ல ஒழுகுவதல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது. பிறகு ஒழுகுவது கொஞ்சம்தான். "ராத்திரி கடை அடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்ட கடன் பாக்கி ஏன் வம்பில் முடிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்கு மார்க்கத்திலேயே கட்டளை இருக்கிறது, நாம்தான் சோம்பல்படுகிறோம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு இரண்டு பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு பாடத்தை மாணவர்கள் மறுபடியும் படித்தார்கள். மற்றப் பாடத்தை ஒரு முறை படித்துவிட்டு, அதை மூடி ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பாடமே முந்தியது; 81க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. திரும்பப் படித்த பாடத்தில் 42தான் நினைவில் நின்றது. மூடி எழுதிய பாடத்தில் 56. ஓதும் பள்ளியில் நம் உஸ்தாது பாடத்தைத் தினமும் ஒப்புவிக்கச் சொன்னாரே, அவர் தவறு செய்யவில்லை!

இன்னொரு பரிசோதனை என்னை நேராகத் தொட்டது. 1974ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அம்மையார், தம்முடன் சேர்ந்த ஜான் பால்மர் என்பவரோடு, மாணவர்களுக்கு ஒரு மோட்டார் விபத்தைப் படமாகக் காட்டினார். பிறகு ஐம்பது பேரிடம், "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்றும், வேறு ஐம்பது பேரிடம், "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "இடித்தது" என்று கேட்கப்பட்டவர்களில் ஏழு பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கியது" என்று கேட்கப்பட்டவர்களில் பதினாறு பேர்! கேட்ட வார்த்தை சாட்சியின் ஞாபகத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது.

பல வருஷங்களுக்கு முன் என் கல்லாவில் முந்நூறு வெள்ளி குறைந்தது. "அந்தப் பையன் பெட்டிப் பக்கம் வந்ததைப் பார்த்தாயா?" என்று கடை ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். மூன்று பேர் பார்த்தேன் என்றார்கள். பையன் அன்றைக்கே அழுதுகொண்டு வேலையை விட்டுப் போனான். நாலாம் நாள் பணம் பில் கட்டுக்கு நடுவே அகப்பட்டது. அந்த மூன்று பேரும் பொய்யர்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்தப் பரிசோதனையைப் படித்த பிறகுதான் பொய்ச் சாட்சியை உண்டாக்கியது என் கேள்வி என்று தெரிந்தது. பையனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

பேரத்தைப் பற்றியும் இந்தச் சாஸ்திரம் பேசுகிறது. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இருவர் 1974ல் எழுதினார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள். அது 10லோ 65லோ மட்டும் நிற்கும்படி முன்பே செய்யப்பட்டது. பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் 10 கண்டவர்களின் நடு மதிப்பு 25. 65 கண்டவர்களின் நடு மதிப்பு 45. முதலில் காதில் விழுந்த எண்ணை விட்டு மனசு வெகுதூரம் போவதில்லை. புடவைக்கு முதல் விலை சொல்கிறவர் யார் என்பது ஏன் முக்கியம் என்று நம் பெரியவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை! கானமனுக்கு 2002ல் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் பொருளாதாரத்துக்காக. ட்வெர்ஸ்கி 1996லேயே காலமாகிவிட்டார்.

இனிக் கணக்கு விஷயம். கணக்குக்குப் பயந்து மனோதத்துவத்துக்கு வருகிற பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே திடுக்கிடுவார்கள். புள்ளிவிவரப் பாடம் இதில் முதுகெலும்பு. காரணம் எளிது. கடைப் பலகையை மாற்றினேன், வியாபாரம் ஏறியது என்கிறீர்கள். அது பலகையாலா, ஹரிராயா நெருங்கியதாலா? பலகை மாற்றாத அடுத்த கடையிலும் ஏறியிருக்கிறதா? ஏற்றம் தற்செயலாக வந்திருக்கக்கூடியதா? இதைப் பிரித்துச் சொல்ல எண்கள் இல்லாமல் முடியாது. ஆகவே மகளைக் கணக்கிலிருந்து ஓடுகிறவளாக எண்ணிவிட வேண்டாம், கணக்குக்குள்தான் போகிறாள்.

மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தச் சாஸ்திரத்தில் சரக்கு எல்லாம் ஒரே தரம் அல்ல. 2015ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி, முன்பு வெளிவந்த 100 ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் நூற்றுக்கு 97, "ஆம், பலன் உண்டு" என்று சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது 36தான் தேறின. பேரேட்டைத் தானே தணிக்கை செய்து, நஷ்டத்தைச் சபையில் வாசித்தது போன்ற காரியம் இது. என் அபிப்பிராயத்தில் இதனால் அந்தப் படிப்பின் மதிப்பு குறையவில்லை. அச்சில் வந்ததையெல்லாம் நம்பாதே என்பதை இப்போது முதல் பாடமாகவே கற்றுக்கொள்ளலாம்.

வேலையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. மூன்று அல்லது நான்கு வருஷத்தில் கிடைக்கும் முதல் பட்டத்தை வைத்துக்கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை செய்ய முடியாது. அதற்கு மேலும் சுமார் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பும், ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். அந்த இடங்களோ குறைவு. முதல் பட்டத்தில் நல்ல தேர்ச்சி இல்லாதவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். மலேசியாவில் 2016ம் வருஷச் சட்டப்படி சிகிச்சை மனோதத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் பட்டத்தோடு நிற்பவர்களுக்குக் கம்பெனிகளின் ஆள் நிர்வாகம், சந்தை ஆராய்ச்சி, சமூக சேவை ஸ்தாபனங்கள் என்று வழிகள் உண்டு. ஆனால் அவை பட்டத்தின் பெயரைப் பார்த்து வருபவையல்ல, பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பார்த்து வருபவை. சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியது இதுதான்: முதுநிலைக்கு எத்தனை இடம், என்ன தேர்ச்சி வேண்டும், என்ன செலவு.

எல்லாம் கேட்டு முடித்தபின் பெரியவரை நான் ஒரே கேள்வி கேட்டேன். "மாமு, ஏன் இதைப் படிக்க ஆசைப்படுகிறாய் என்று மகளைக் கேட்டீர்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இல்லை தம்பி. ஏன் கணக்கியல் படிக்கமாட்டாய் என்றுதான் கேட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். மகளைக் கேட்டாராம். அவருடைய தாயார், அதாவது அந்தப் பிள்ளையின் பாட்டி, கடைசி வருஷத்தில் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்ல இந்தப் பிள்ளைதான் கூடப் போனாள். "மனசு கனத்துக் கிடக்குதும்மா" என்றாராம் பாட்டி. அதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல், "களைப்பாக இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டாளாம். டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தனுப்பினாராம். "அத்தா, அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை" என்று அழுதாளாம்.

"எனக்கு இது ஒன்றுமே தெரியாது தம்பி. நான் கடையில் இருந்தேன்" என்றார் பெரியவர்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பல்கலைக்கழகம் திறக்கும் வரை மகள் தினமும் இரண்டு மணி நேரம் கடையில் உட்கார்ந்து இருப்புக் கணக்கு எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார். அந்த இரண்டு வருஷ முதுநிலைப் படிப்புக்கு இப்போதிருந்தே மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன தொகையை அங்கேயே சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.